கண் சிமிட்டிய துவக்கு: 'பிளாஷ் இன் த பான்' எங்கிருந்து வந்தது?

கேள்வி: குளக்கட்டு, விசுவமடு

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டும். 'பிளாஷ் இன் த பான்'. அகராதியில் பார்த்துவிட்டேன், 'நிலைக்காத வெற்றி' என்று போட்டிருக்கிறது. அது போதவில்லை. இந்தப் பேச்சு எப்படி உண்டானது, எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று தெரிய வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பின்னேரங்களில் பெண் பிள்ளைகளுக்குக் கரப்பந்து பழக்குகிறேன். பதினேழு வயதுக்குட்பட்டவர்கள், பன்னிரண்டு பேர். மைதானம் கிடையாது. ஒருவர் கச்சான் பிடுங்கிய பிறகு தன் காணியை எங்களுக்கு விடுவார். இரண்டு பாலைக் கம்பு நட்டு வலை கட்டுவோம். கோடு போடச் சுண்ணாம்பு இல்லாத நாளில் அடுப்புச் சாம்பல். இந்தப் பிள்ளைகள் போன வருடம் வலய மட்டத்தில் முதலாம் இடம் வந்தார்கள். இறுதியாட்டத்தில் மூன்றாவது சுற்று, பதினைந்துக்குப் பதின்மூன்று. கடைசிப் பந்து எதிர்ப்பக்கம் விழுந்ததும் எங்கள் பிள்ளைகள் கத்தவே இல்லை, நடுவர் கையைக் காட்டும் வரைக்கும் அப்படியே நின்றார்கள். அந்த நிமிடம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இந்த வருடம் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டோம். நன்றாக அடிக்கிற இரண்டு பேருக்குச் சாதாரண தரப் பரீட்சை. இன்னொருத்தியின் குடும்பம் வவுனியாவுக்குப் போய்விட்டது.

பரிசளிப்பு முடிந்து தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில், வந்திருந்த விருந்தினர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் எங்கள் பிள்ளைகளைக் காட்டி ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். அணித்தலைவிக்கு அது காதில் விழுந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "மிஸ், பாணுக்குள்ள என்னவோ எண்டு எங்களைச் சொன்னவர். பாணுக்கும் எங்களுக்கும் என்ன?" அவளுக்குச் சாப்பிடுகிற பாண்தான் தெரியும். அது நல்ல வார்த்தை இல்லை என்று மட்டும் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்கிறாள். "நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். அந்த நாளைக்கு வந்து நான்கு நாளாகிறது.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1: ஏ ஒன்பது

பான் என்றால் தட்டு. ஆற்று மணலைத் தட்டில் அள்ளி அரித்துத் தங்கம் தேடுவார்கள் இல்லையா, அதில் எதுவோ பளிச்சென்று மின்னும். தங்கம் என்று ஓடிப்போய்ப் பார்த்தால் வெறும் கல். அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்கள் காலத்தில் உண்டான பேச்சு என்று படித்த ஞாபகம். சிலர் தாச்சியில் எண்ணெய் பற்றி எரிவதைத்தான் சொல்கிறார்கள் என்பார்கள்.

தமிழில் 'புஸ்வாணம்' என்று சொல்லிவிடலாம்.

பதில் 2: நெடுங்கேணியான்

தங்கச்சி, தங்கத்தட்டும் இல்லை, தாச்சியும் இல்லை. இது துவக்கு.

முதலில் தங்கக் கதையை முடித்துவிடுகிறேன், நிறையப் பேர் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் தங்கம் கண்டது 1848ஆம் ஆண்டு ஜனவரியில். கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனது அடுத்த வருடம், 1849இல். ஆனால் இந்தச் சொல் 1687இலேயே இங்கிலாந்தில் அச்சில் வந்துவிட்டது. எல்கானா செட்டில் என்ற நாடகாசிரியர், ஜோன் டிரைடன் என்ற பெரிய புலவரைத் தாக்கி எழுதியபோது, பீரங்கிகள் வெடிக்காமல் கிண்ணியில் மட்டும் மின்னுகிற அளவுக்கு நல்ல பிள்ளைகளாக இருந்தால் டிரைடன் கடலுக்குக் கூடத் துணிந்து போவார் என்ற மாதிரி எழுதினார். நூற்றறுபது வருடம் பிந்தி வந்த தங்கத்தட்டு இதற்கு எப்படி மூலமாகும்? தவிர, அந்த வசனத்திலேயே பீரங்கி இருக்கிறது.

சரி, அந்தக் கிண்ணி எது? பழைய காலத்துத் துவக்குக்கு இப்போதைய மாதிரித் தோட்டா கிடையாது. மருந்தையும் உண்டையையும் வாய்ப்பக்கத்தால் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவார்கள். அது உள்ளே, குழலின் அடியில் கிடக்கும். வெளியே, குழலின் பக்கத்தில் ஒட்டினாற்போல் சின்னக் கிண்ணி ஒன்று, சுண்டுவிரல் நுனி அளவு பள்ளம். அதில் ஒரு சிட்டிகை மருந்து. கிண்ணிக்கும் குழலுக்கும் நடுவே ஊசி போகிற அளவு துளை. விசையை இழுத்தால் 'குதிரை' என்கிற கொக்கி பாயும். அதன் வாயில் சக்கிமுக்கிக் கல் கடித்துக்கொண்டிருக்கும். கல் உருக்குத் தகட்டில் உரச, தகடு பின்னுக்குச் சாய்ந்து கிண்ணி திறக்க, பொறி கிண்ணிக்குள் விழும். கிண்ணி மருந்து பற்றும். அந்த நெருப்பு துளையால் உள்ளே ஓடிப் பெரிய மருந்தைப் பற்ற வைத்தால்தான் வெடி. இத்தனையும் கண் மூடித் திறப்பதற்குள் நடக்க வேண்டும்.

இப்போது துளையில் கரி அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். அல்லது உள்ளே மருந்து ஈரம். கிண்ணி பளிச்சென்று எரியும், வெளிச்சம் அடிக்கும், புகை வரும், குறி வைத்தவன் முகம் கருகும். ஆனால் உண்டை இருந்த இடத்திலேயே கிடக்கும். அதுதான் 'பிளாஷ் இன் த பான்'. கிண்ணியில் மின்னினது, அவ்வளவுதான். அதனால் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் துளையைக் குத்த ஊசியும் கிண்ணியைத் துடைக்கச் சின்னத் தூரிகையும் கூடவே வைத்திருந்தார்கள்.

இந்தப் பேச்சு ஆங்கிலத்தில் தனியாக வந்ததும் இல்லை. 'முழுவதும், ஒன்று விடாமல்' என்பதற்கு அவர்கள் சொல்கிற 'லொக், ஸ்டொக் அண்ட் பரல்' என்பதும் துவக்குத்தான்: பூட்டு, கட்டை, குழல். துவக்கு என்ற எங்கள் சொல்லும் தூரத்தில் இருந்து வந்ததுதான், துருக்கியின் 'துபெக்'. இந்தியாவில் அதுவே துப்பாக்கி.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்க முன்பே கண்ணால் கண்டவன். எங்கள் அப்புவிடம் இடியன் துவக்கு ஒன்று இருந்தது. அதற்குக் கல்லும் கிண்ணியும் இல்லை, அது அதற்குப் பிந்தின வகை. ஆனால் சங்கதி ஒன்றுதான்: உள்ளே இடித்த மருந்து, வெளியே கொஞ்சம் பற்றுமருந்து, நடுவே துளை.

எனக்குப் பத்து வயதிருக்கும். மார்கழி. காலபோக வயல் பால் பிடிக்கிற நேரம், பன்றி இறங்கினால் ஒரு இரவில் அரை ஏக்கர் போய்விடும். பரணில் நானும் அப்புவும். மேலே தறப்பாள், அதன் மேல் தூறல் சத்தம். துவக்கைச் சாக்கால் சுற்றி மடியில் வைத்திருந்தார், பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி. நடுச்சாமம் தாண்டி நெல்லுக்குள் 'சளக் சளக்' என்று கேட்டது. அப்பு என் தலையில் கையை வைத்து அமத்தினார், அசையாதே என்று. மெதுவாகச் சாக்கை விலக்கி எடுத்தார். இழுத்தார். 'புஸ்'. ஒரு நொடி மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அப்புவின் கன்னம், மீசை, பரணின் காட்டுக்கம்பு எல்லாம் தெரிந்தது. பிறகு இருட்டு முன்னதை விடக் கறுப்பாகிவிட்டது. வெடிச் சத்தம் வரவில்லை. மருந்துப் புகை மூக்கில் ஏறியது. கீழே பன்றிகள் வரம்பை உடைத்துக்கொண்டு ஓடின.

உடனே குழலை எட்டிப் பார்க்கப் போன என்னை இழுத்துப் பிடித்தார். பிந்தியும் வெடிக்கும் என்று பயம். குழலை வயல் பக்கம் நீட்டியபடியே கனநேரம் வைத்திருந்தார். பிறகு சொன்னார்: "கண் சிமிட்டினது, வாய் திறக்கேல்லை."

எங்கள் வீட்டில் அது அப்படியே பேச்சாகிவிட்டது. யாராவது பெரிதாக வெளிக்கிட்டு ஒன்றும் நடக்காமல் போனால் அம்மா அதைத்தான் சொல்லுவா. ஆகவே தங்கச்சி, தமிழில் என்ன என்று கேட்டால் என் வாயில் முதலில் வருவது 'கண் சிமிட்டின துவக்கு'.

இனி உங்கள் பிள்ளைகளின் விஷயம். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த மனிதர் சொன்ன சொல் பொருந்தாது. கிண்ணியில் மின்னுவது என்றால் வெடிக்கவே இல்லை என்று அர்த்தம். பிள்ளைகள் போன வருடம் பதினைந்துக்குப் பதின்மூன்று என்று வென்றிருக்கிறார்கள். அது வெடித்த துவக்கு! இந்த வருடம் வெடிக்கவில்லை என்பது வேறு கதை. விளையாட்டு எழுதுகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு தடவை வென்று பிறகு தோற்கிற எல்லாரையும் இந்தச் சொல்லால் சொல்கிறார்கள், அகராதியும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. என்றாலும் துவக்குக்காரன் வீட்டுப் பிள்ளையாக எனக்கு அது ஒப்பவில்லை.

ஒட்டுசுட்டானால் போகும்போது கற்சிலைமடுவைக் கடக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இந்த நினைவு வரும். வன்னி மன்னன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரனின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803 ஆகஸ்ட் 25. கற்சிலைமடுவில் பிரித்தானியப் படை அதிகாரி வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றது அதே வருடம் அக்டோபர் 31. எண்ணிப் பாருங்கள், அறுபத்தேழு நாள். வெள்ளைக்காரனின் கையில் அன்றைக்கு இருந்தவை நான் மேலே சொன்ன அதே கல்லுத் துவக்குகள்தான். அறுபத்தேழு நாள் என்பதற்காக அந்த வெற்றியைக் கிண்ணி வெளிச்சம் என்று வன்னியில் எவராவது சொல்வார்களா? தோற்கடித்தவர்களே அந்த இடத்தில் பேரையும் திகதியையும் வெட்டிக் கல் நட்டார்கள்.

பதில் 3: பூநகரிக்காரி

நெடுங்கேணி ஐயாவின் விளக்கம் மிகச் சரி. தமிழ்ச் சொல் பற்றி மட்டும் நான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இரண்டு வேறு சங்கதிகள் இங்கே கலந்து கிடக்கின்றன. ஒன்று, பெரிதாகத் தொடங்கி ஒன்றும் ஆகாமல் போவது. அதற்குப் புஸ்வாணம், நமத்த வெடி, ஐயாவின் கண் சிமிட்டின துவக்கு எல்லாம் பொருந்தும். மற்றது, உண்மையாகவே நடந்து, ஆனால் நிலைக்காமல் போவது. அதற்கு எங்கள் அம்மம்மா 'காவோலை நெருப்பு' என்பா. பூநகரியில் பனைக்குப் பஞ்சமில்லை, அடுப்பு மூட்டக் காவோலைதான். வைத்தவுடன் 'பற பற' என்று கூரையைத் தொடுகிற மாதிரி எழும்பும். குசினி முழுக்க வெளிச்சம். பானை அடியில் தண்ணீர் குமிழ் விடவும் முன்பே கறுத்துச் சுருண்டு சாம்பலாகிவிடும். அந்த எழுப்பத்துக்குள் விறகு பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மம்மா அடுப்புக்கு முன் குந்தியிருந்து, ஒரு கையால் ஓலையைத் தள்ளிக்கொண்டே மற்றக் கையால் பாலை விறகின் மெல்லிய சிராயை அந்தச் சுவாலைக்குள் பிடித்துக்கொண்டிருப்பா. கை சுடும், எடுக்க மாட்டா. பாலை பற்றிவிட்டால் பிறகு சோறு, கறி, இரவுக்குத் தணல் எல்லாம் அதிலேதான்.

தங்கச்சியின் பிள்ளைகள் விஷயத்தில் இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். காவோலை எரிந்தது பொய் இல்லை. அந்த நேரத்தில் விறகு வைக்க ஆள் இருந்ததா என்பதுதான் கேள்வி. வென்ற வருடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பந்தாவது யாரும் வாங்கிக் கொடுத்தார்களா? கொடுக்காத ஆட்கள் இப்போது வந்து நெருப்பு நூர்ந்துவிட்டது என்று சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

'ஈசல் வாழ்வு' என்று யாரும் எழுதப் போகிறீர்கள் என்று தெரியும், அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் பேச்சில் எப்போதும் ஒரு குறை. முதல் மழைக்கு ஈசல் கிளம்பும், விளக்கைச் சுற்றும், விடிய வாசலில் சிறகு குவியும். நாங்கள் காண்பது அவ்வளவுதான். அநேகமானதைப் பல்லியும் எறும்பும் குருவியும் தின்றுவிடும், அதுவும் உண்மை. ஆனால் தப்புகிற சோடி சிறகைத் தானே உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் இறங்கிப் புற்றுத் தொடங்கும். அந்தத் தாய்க்கறையான் பத்து வருடத்துக்கு மேலேயும் உயிரோடிருக்கக் கூடும். உதிர்ந்த சிறகைப் பார்த்து ஈசல் செத்துவிட்டது என்று நினைப்பது நாங்கள்.

'அற்பனுக்கு வாழ்வு வந்தால்' என்பதும் வேண்டாம். அது வெற்றி நிலைக்காததைப் பற்றிய பேச்சு இல்லை, கிடைத்ததும் தலைகால் தெரியாமல் ஆடுகிறவனைப் பற்றியது. அந்தப் பிள்ளைகள் ஆடவில்லை, கத்தக்கூட இல்லை என்று தங்கச்சியே எழுதியிருக்கிறா.

பதில் 4: ஏ ஒன்பது

தங்கத்தட்டு பற்றி நான் எழுதியது பிழை. ஆண்டுகளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நன்றி ஐயா. என்னிடம் நல்ல நிலையில் கரப்பந்து ஒன்று சும்மா கிடக்கிறது, கிளிநொச்சியில் இருக்கிறேன். குளக்கட்டு, தனித்தகவலில் பேசுங்கள்.

மறுமொழி: குளக்கட்டு, விசுவமடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்றுப் பின்னேரம் பயிற்சி தொடங்க முன் பிள்ளைகளை வலைக்குக் கீழே வட்டமாக இருத்தி இதைச் சொன்னேன். தலைவியிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு பஸ்ஸிலேயே அவள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள் போல, பன்னிரண்டு பேருக்கும் அந்தப் பாண் மனதில் கிடந்திருக்கிறது.

மண்ணில் தடியால் துவக்கைக் கீறிக் காட்டினேன். குழல், கிண்ணி, துளை. ஐயா எழுதினதைப் பார்த்துப் பார்த்துத்தான் கீறினேன். துளை அடைத்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். கடைசியில் இருக்கிற சின்னவள், இந்த வருடம்தான் சேர்ந்தவள், "வெளிச்சம் மட்டும் வரும் மிஸ்" என்றாள். தலைவி கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப போன வருசம் எங்கட துவக்கு வெடிச்சது தானே?" என்றாள். "வெடிச்சது" என்றேன். "அப்ப அவர் சொன்னது பிழை" என்றாள். ஓம் என்றேன். அவள் எழும்பி உடுப்பில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, எறிகைக் கோட்டுக்குப் போய் நின்றுவிட்டாள்.

பூநகரி அக்கா, பந்து பற்றிக் கேட்டீர்கள். ஒருவரும் வாங்கித் தரவில்லை. இருப்பது ஒன்று, தோல் உரிந்து கறுப்பு ரப்பர் தெரிகிறது. காவோலைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லப்போகிறேன், உங்கள் அம்மம்மாவின் கை சுட்டது உட்பட. ஏ ஒன்பது அண்ணாவுக்குத் தனித்தகவல் போட்டிருக்கிறேன்.

நெடுங்கேணி ஐயா, முடிந்தால் ஒருநாள் வந்து அந்தப் பரண் கதையைப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னதில் பன்றி ஓடின இடம் சரியாக வரவில்லை. திங்கள், புதன், வெள்ளி நாலு மணிக்குத் தொடங்குவோம். மழைக்கு முன்னம் வந்துவிடுங்கள். காணி பள்ளம், ஐப்பசி பிறந்தால் கம்பு இரண்டும் தண்ணீருக்குள் நிற்கும்.